பட்டியலில் இவர் பெயர் வேண்டாம், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன், அதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கும் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே "கூட்டத்துல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தக் கூட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. எங்கள் டிரைவர் இன்று தலைநகருக்கு வண்டி எடுக்கிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன், அவரும் நிற்பார், அவருக்கு என் வீட்டுக்காரரோடு அலைந்து அலைந்து நின்று பழகிவிட்டது.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். இந்த வாரம் வேட்பாளர் பட்டியல் முடிவாகிறது என்று கேள்விப்பட்டேன். அதில் உங்கள் மாப்பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது. தலைவரிடம் நேராகப் பேசக்கூடியவர் நீங்கள், நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். இவரை அரசியலில் இழுத்துவிட்டவரும் நீங்கள்தான், அதனால் இறக்கிவிடுகிற பொறுப்பும் உங்களுக்குத்தான் இருக்கிறது. நான் கோபத்தில் எழுதவில்லை அண்ணா, கோபப்படுவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும், அது போய் ரொம்ப நாளாகிறது. களைத்துப் போய் எழுதுகிறேன்.

நீங்கள் மறந்திருப்பீர்கள், எனக்கு மறக்கவில்லை. முதல் தேர்தலில் நம் கட்சிக்கு இந்தத் தொகுதியில் நிற்க ஆளே கிடைக்கவில்லை. நீங்கள் இவருடைய பம்புசெட் ரிப்பேர் கடைக்கு வந்து, கிரீஸ் படிந்த ஸ்டூலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, "மாப்ள, சும்மா பேருக்கு நில்லுங்க. எப்படியும் தோத்துடுவீங்க. கொஞ்ச நாள் கடைய மூடினா போதும்" என்றீர்கள். இவரும் பிரித்துப் போட்ட மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல், "தோக்கறதுன்னா சரி" என்றார். நானும் சரி என்றேன், ஏனென்றால் அந்தச் சாக்கில் கடைக்கு வெள்ளையடிக்கலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எதிர்த்தரப்பில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சின்னத்தில் நின்று ஓட்டைப் பிரித்தார்கள், நடுவில் இவர் ஜெயித்துத் தொலைத்தார். செய்தி வந்தபோது இவர் யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் இருந்தார். மேலேயிருந்து கத்திச் சொன்னார்கள். "இந்த வால்வ மாட்டிட்டு வரேன்" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அன்று தொடங்கியது, இது மூன்றாவது தடவை நடக்கிறது, கடைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

எங்கள் வீட்டை நீங்கள் வந்து பார்த்து எவ்வளவு காலமாகிறது? முன்னறையை வீடு என்றே சொல்ல முடியாது. பொழுது விடியும்போதே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பல் தேய்க்கிற மனிதரிடம் மனு கொடுக்கிறார்கள், இவரும் வாயில் நுரையோடு "ம், ம்" என்று தலையாட்டுகிறார், அதை உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தெருவில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த ஒருவர் எங்கள் தொட்டியிலேயே குளித்துவிட்டு, துண்டும் கேட்டு வாங்கித் துவட்டிக்கொண்டு போனார். மருமகளோடு சண்டை போட்ட மாமியார்கள் இவரிடம் வருவதில்லை, நேராகச் சமையலறைக்கு என்னிடம் வருகிறார்கள், அந்தத் துறையை எனக்கு யார் ஒதுக்கினார்கள் என்று தெரியவில்லை. இதில் பாதிப் பேர் மனுவோடு பழுதான மோட்டாரையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இவருக்கு மனுவைப் பார்த்தால் முகம் வாடும், மோட்டாரைப் பார்த்தால் மலரும். மனுவை அக்குளில் செருகிக்கொண்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவார். சட்டமன்ற உறுப்பினர் கையாலேயே சரிசெய்த மோட்டார் என்று வெளியே பெருமை பேசுகிறார்கள். அக்குளில் இருந்த மனுவை நான்தான் துணி துவைக்கும்போது தேடி எடுக்கிறேன்.

மகள் போன மாதம் வந்திருந்தாள். அப்பாவோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்தக் குழம்பைப் பற்றி ஒரு கருத்தைப் பதிவு செய்ய அனுமதி கோருகிறேன்" என்றார். கிண்டலுக்குச் சொல்லவில்லை அண்ணா, வாய் தானாக அப்படி வந்துவிட்டது. மகள் சிரித்தாள், பிறகு "ஏம்மா, அப்பாவுக்கு வீட்டுப் பேச்சே மறந்து போச்சா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

சரி, இவ்வளவு பாடுபட்டு இவர் என்ன கேட்டார் என்று பார்த்தால், அதிலும் இவர் பேராசைக்காரர் இல்லை. ஒருமுறை கட்சியிலிருந்து எல்லா உறுப்பினர்களிடமும் தொகுதிக்கு என்னென்ன முன்னுரிமைகள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் விமான நிலையம், கல்லூரி, தொழிற்பேட்டை என்று எழுதினார்கள். இவர் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஆற்றுக்கு ஒரு பாலம், அக்கரை மாடுகளுக்கு ஒரு டாக்டர், சாயங்காலத்தில் ஒரு பஸ் என்று எழுதிக் கொடுத்தார். "வேற ஏதாவது பெருசா கேக்கலாமேங்க" என்றேன். "கேட்டா குடுத்துருவாங்க, அப்புறம் அத யாரு பாத்துக்கறது" என்றார்.

இதில் பஸ்ஸை முதலில் விட்டார்கள். பாலம் இல்லாததால் அது இக்கரையோடு நின்று திரும்பிவிடுகிறது. அக்கரைக்காரர்கள் கரையில் நின்று அது வருவதையும் போவதையும் பார்க்கிறார்கள். அடுத்து மாட்டு டாக்டரைப் போட்டார்கள். தங்கமான மனிதர், ஆனால் தண்ணீர் என்றால் பயம். படகில் ஒரு காலை வைப்பார், அது ஆடும், காலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அதனால் டாக்டர் மாட்டிடம் போவதற்குப் பதில் மாடு டாக்டரிடம் வருகிறது. படகில் மாட்டை ஏற்றுவதை நீங்கள் பார்த்ததில்லையே, இரண்டு பேர் முன்னால் இழுக்க வேண்டும், மூன்று பேர் பின்னால் தள்ள வேண்டும், படகோட்டி நடுவில் நின்று எல்லோரையும் திட்ட வேண்டும். சின்ன வியாதி என்றால் அவ்வளவு பாடு படாமல், அக்கரையில் மாட்டை நிறுத்திக் காட்டுகிறார்கள், டாக்டர் இக்கரையிலிருந்து "நாக்க வெளிய இழுங்க" என்று கத்துகிறார். சும்மா இருந்த ஒரு பசுவை ஊசி போடக் கூட்டிவந்து, அது நடு ஆற்றில் குதித்து, கரையேறி, காய்ச்சலில் படுத்து, அதற்கு அந்த டாக்டரே அழாத குறையாக வைத்தியம் பார்த்தார். ஆக எதைக் கேட்டாலும் கடைசியில் அந்தப் பாலத்தில்தான் வந்து முட்டிக்கொண்டது. ஊரில் இவரைப் பாலத்துக்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு செங்கல்கூட இல்லாத பாலம்.

போன மழைக்காலத்தில் அக்கரையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போகிறது. அந்தப் பெண்ணின் மாமியார் எங்கள் வீட்டுக்குத்தான் போன் செய்தாள், நான்தான் எடுத்தேன், இவர் தலைநகரில் இருந்தார். படகோட்டிக்குச் சொல்லி, இக்கரையில் வண்டி நிறுத்தச் சொல்லி, நர்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் கரைக்கு ஓடினேன். படகு கரைக்கு வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அது அவர்கள் அதிர்ஷ்டம். படகோட்டி மட்டும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா, இனிமே என்னால முடியாதும்மா. அய்யாகிட்ட சொல்லுங்க, பாலத்த சீக்கிரம் கட்டச் சொல்லுங்க" என்று கரையில் உட்கார்ந்து அழுதார். இவர் வந்ததும் சொன்னேன். அன்று இவர் சாப்பிடவில்லை. முன்னறையில் ஒரு பழுதான மோட்டார் கிடந்தது, அதைக்கூடத் தொடவில்லை.

அப்போதுதான் அண்ணா, இத்தனை வருஷமாகப் பாலம் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. இவருக்குச் சபையில் ஒரு கூட்டத்தொடருக்கு ஒரு தடவை பேச நேரம் கொடுக்கிறார்கள், அதுவும் நாலு நிமிடம். எழுந்ததும் முதலில் சபாநாயகரை வணங்குகிறார். பிறகு தலைவரை வாழ்த்துகிறார், அதற்கு அடைமொழிகள் மட்டுமே ஒரு நிமிடம். பிறகு அமைச்சர்கள், அவரவர் துறையோடு, அவரவர் மூப்புப்படி. யாராவது விட்டுப் போனால் வருத்தப்படுவார்களாம். பிறகு கட்சியின் மூத்தவர்கள், அதில் நீங்களும் உண்டு. பிறகு வாக்களித்த மக்களுக்கு நன்றி. எல்லாம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு "ஆற்றுக்கு அப்பால்" என்பார், மணி அடித்துவிடும், உட்காரச் சொல்லிவிடுவார்கள். சபையில் பேசியதையெல்லாம் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அதை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக நன்றி, ஒவ்வொரு தடவையும் கடைசியில் "ஆற்றுக்கு அப்பால்", அவ்வளவுதான். அப்பால் என்ன இருக்கிறது என்று இதுவரை எந்த அமைச்சருக்கும் தெரியாது.

"என்னங்க இது?" என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க" என்றார். நான் விடவில்லை. அலாரம் கடிகாரத்தைச் சமையல் மேடையில் வைத்தேன். இவரை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். நான் சபாநாயகர். கரண்டியால் டம்ளரைத் தட்டினால் மணி. நாலைந்து நாள் இதே வேலையாக இருந்தது. குழம்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது. முதலில் அமைச்சர்களை வெட்டினேன், மென்று முழுங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டார். அப்புறம் உங்களை வெட்டினேன், அதற்கு அவ்வளவு கஷ்டப்படவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். தலைவரிடம் வந்தபோதுதான் "அது மட்டும் வேண்டாம், நல்லாயிருக்காது" என்று தலையைச் சொறிந்தார். "தலைவருக்கு அவரு பேரு தெரியாதா? நீங்க போய்ச் சொல்லித்தான் தெரியணுமா? அக்கரை ஒன்னு இருக்குன்னுதான் அவருக்குத் தெரியாது, அதச் சொல்லுங்க" என்றேன். கடிகாரத்தை எடுத்துத் தானே முள்ளைத் திருப்பி வைத்தார். பிறகு சரி என்றார்.

அந்தப் படியே போய் எழுந்து நின்று, "சபாநாயகர் அவர்களே, எங்கள் ஆற்றில் படகில் ஒரு குழந்தை பிறந்தது. அடுத்தது எங்கே பிறக்கும் என்று எனக்குத் தெரியாது. பாலம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்ததாம். சபையில் ஒருவருக்கும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாலு நிமிடம் அசந்து தூங்கலாம் என்று கண்ணை மூடியிருந்த துறை அமைச்சரைத் தட்டி எழுப்பினார்களாம். அவர் என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து நின்று, "இந்த ஆண்டே கட்டித் தரப்படும்" என்றுவிட்டு உட்கார்ந்து, பிறகுதான் பக்கத்திலிருப்பவரிடம் எது என்று விசாரித்தாராம். ஆனால் சபையில் அமைச்சர் சொன்னது சொன்னதுதான். அப்படிச் சொன்ன வாக்குறுதிகளை விடாமல் கேட்பதற்கென்றே சபையில் ஒரு குழு இருக்கிறது, அதில் யாரும் சேர விரும்பாததால் இவரைப் போட்டிருக்கிறார்கள். இவரும் வாராவாரம் போய் அமைச்சரின் அறை வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். இவரைப் பார்க்கப் பிடிக்காமலேயே அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று டிரைவர் சொல்கிறார். போன வாரம் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு கரையிலும் சிவப்பு வர்ணத்தில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். படகோட்டி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெல்லாம் சிவப்பாக வந்து நின்றார்.

அதனால்தான் சொல்கிறேன். இவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். இனி யார் வந்தாலும் பாலத்தைக் கட்டிக்கொள்வார்கள். இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, எனக்குச் சரியான தூக்கமில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு ஒரு மத்தியானம் படுத்து எழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. இவர் கடையைத் திறக்கட்டும், மோட்டாரைப் பிரிக்கட்டும், மாலையில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், வந்து குழம்பில் உப்பு இல்லை என்று மனிதர் மாதிரி சொல்லட்டும். இவரே உங்களிடம் வந்து இன்னொரு தடவை நிற்கிறேன் என்று கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெரியவனுக்கும் சின்னவளுக்கும் என் ஆசிகள், இருவரும் நன்றாகப் படித்து, யார் வந்து கூப்பிட்டாலும் தேர்தலில் நிற்காமல், தீர்க்காயுசாக இருக்கட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாவட்டச் செயலாளர் போன் செய்தார். "அய்யா பக்கத்துல இருக்காரா?" என்றார். இல்லை, பின்கட்டில் இருக்கிறார் என்றேன். "அதுவும் நல்லதுதாம்மா. பட்டியல்ல அய்யா பேரு இல்ல. செங்கல் சூளைக்காரருக்குக் குடுத்துட்டாங்க. சபையில எழுந்து தலைவர் பேரையே சொல்லாம உக்காந்துட்டாராமே, மேல ரொம்ப வருத்தம். நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றுவிட்டு வைத்துவிட்டார். என்ன அண்ணா இது அநியாயம்? செங்கல் சூளைக்காரர் பிறந்ததிலிருந்து அக்கரையில் கால் வைத்ததில்லை. அவர் வந்தால் அமைச்சரின் வாசலில் யார் போய் உட்காருவது, அந்தச் சிவப்பு அடையாளம் அடுத்த மழையில் கரைந்துவிடாதா? மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், அதையெல்லாம் நீங்கள் படிக்காத மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உடனே போய்த் தலைவரைப் பாருங்கள். அவர் பெயரை வெட்டியது உங்கள் மாப்பிள்ளை இல்லை, உங்கள் தங்கைதான் கரண்டியும் கையுமாக நின்று வெட்டினாள் என்று சொல்லுங்கள், தண்டிப்பதாக இருந்தால் என்னைத் தண்டிக்கட்டும். வேண்டுமானால் இவர் அடுத்த தடவை நாலு நிமிடமும் அவரையே வாழ்த்தட்டும், பாலத்தை நான் எப்படியாவது கேட்டுக்கொள்கிறேன். இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பின்கட்டில் அக்கரையிலிருந்து வந்தவரின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "பாலம் முடிஞ்சதும் அடுத்தது உங்க பள்ளிக்கூடந்தான், எழுதி வெச்சிருக்கேன்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே வந்து சொல்லுங்கள், என்னால் முடியாது.